ஜான் ஸ்நோ நடந்த வழியில்: யார்க் முதல் பிராம்டன் வரை

முதல் நாள் – யார்க்

யார்க் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து ஊஸ் ஆற்றைப் பார்த்துப் பத்து நிமிடம் நடந்தால் நார்த் தெரு. காலரா தண்ணீர் வழியே பரவுகிறது என்று காட்டியவரும், மயக்க மருந்தை அளந்து கொடுக்கக் கற்றுத்தந்தவருமான மருத்துவர் ஜான் ஸ்நோ 1813 மார்ச் 15 அன்று பிறந்தது இங்கேதான். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். அப்பா ஆற்றங்கரை நிலக்கரிக் கிடங்கில் கூலி வேலை பார்த்தவர். ஆறு பொங்கினால் தண்ணீர் ஏறும் தெரு இது. அந்நாளில் ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. இப்போது ஹோட்டல்கள் வந்துவிட்டன. கரையோரப் பூங்காவில் கைப்பிடி இல்லாத ஓர் அடிபம்பை அவர் நினைவாக நிறுத்தியிருக்கிறார்கள்; கைப்பிடி ஏன் இல்லை என்பது நான்காம் நாளில்.

அவருக்கு ஞானஸ்நானம் நடந்த ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் அதே தெருவில் இருக்கிறது. உள்ளே இடைக்கால வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் உண்டு. அவற்றில் ஒன்று தர்மச் செயல்களைக் காட்டுவது: பசித்தவருக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், நோயாளியைப் போய்ப் பார்ப்பது. படங்கள் உயரத்தில், சிறிது சிறிதாக இருப்பதால் சின்ன பைனாகுலர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. தேவாலயம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

யார்க்குக்கு அரை நாள் போதும். ஸ்நோவை ஸ்நோவாக்கிய ஊர் அடுத்தது.

இரண்டாம் நாள் – நியூகாசில், கில்லிங்வொர்த்

யார்க்கிலிருந்து நியூகாசிலுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். 1827-ல், 14 வயதில், வில்லியம் ஹார்ட்கேஸில் என்ற மருத்துவரிடம் தொழில் கற்க ஸ்நோ இங்கே வந்து சேர்ந்தார். கூலிக்காரர் வீட்டுப் பையனுக்குப் பல்கலைக்கழகம் எட்டாத காலம். மருந்து அரைப்பது, கட்டுப் போடுவது, குருவோடு வீடு வீடாக நோயாளி பார்ப்பது என்று வருடக்கணக்கில் வேலை செய்தே மருத்துவம் கற்க வேண்டும்.

1831 அக்டோபரில் காலரா சண்டர்லாந்து துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குள் நுழைந்தது. கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத்தில் ஆட்கள் சாய ஆரம்பித்ததும், 18 வயதுப் பையனான ஸ்நோவை ஹார்ட்கேஸில் அங்கே அனுப்பினார். அப்போது கையில் இருந்த வைத்தியம் ரத்தம் எடுப்பது, கலோமெல் என்ற பாதரச உப்பு, அபின், பிராந்தி இவ்வளவுதான். வயிற்றுப்போக்கில் உடம்பு நீரெல்லாம் வற்றிக் கிடப்பவனிடம் மேலும் ரத்தத்தை எடுத்தால் என்ன ஆகும் என்று இன்று நமக்குத் தெரியும்.

சுரங்கம் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. இப்போது பார்க்க இருப்பது வெஸ்ட் மூரில், கிரேட் லைம் சாலையில் உள்ள டயல் காட்டேஜ். ரயில் எஞ்சின் புகழ் ஜார்ஜ் ஸ்டீபன்சன் குடியிருந்த வீடு அது. ஸ்டீபன்சன் குடும்பத்துக்கும் ஹார்ட்கேஸில்தான் டாக்டர். நியூகாசிலிலிருந்து பேருந்தில் போய் வாசலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

சுரங்கத்தில் ஆட்கள் எட்டு, ஒன்பது மணி நேரம் பூமிக்கு அடியிலேயே இருந்தார்கள். கழிப்பிடம் கிடையாது, கை கழுவத் தண்ணீர் கிடையாது, சாப்பாடும் அதே இடத்தில்தான். சுரங்கத் தொழிலாளர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் காலராவில் செத்ததற்கு இதுதான் காரணம் என்று ஸ்நோ பின்னாளில் எழுதினார். அந்தக் காலத்து டாக்டர்கள் பெரும்பாலோரின் நம்பிக்கை வேறு: அழுகல் நாற்றம் கலந்த கெட்ட காற்று மூச்சு வழியாக நுழைந்து நோயைத் தருகிறது. அதை உடைக்க, காற்றையும் வாயுவையும் தராசில் நிறுத்துப் பார்த்த ஒருவர் தேவைப்பட்டார். பம்பு கைப்பிடியை மட்டும் சொல்லிவிட்டு ஸ்நோவின் கதையை முடிப்பவர்கள் விட்டுவிடுவது அந்த வாயு வேலையைத்தான். நாளைய நாள் முழுக்க அதற்காக.

மூன்றாம் நாள் – சோஹோவும் வாயுவும்

சோஹோவில் ஸ்நோவின் லண்டன் வாழ்க்கையைக் காலாலேயே அளந்துவிடலாம். 1836-ல் வந்து தங்கிய பேட்மன்ஸ் பில்டிங்ஸ், சோஹோ சதுக்கத்தை ஒட்டிய சந்து. படித்த ஹன்டேரியன் மருத்துவப் பள்ளி கிரேட் விண்ட்மில் தெருவில் இருந்தது. 1838-ல் அறுவை மருத்துவராகத் தேறியதும் தொழில் தொடங்கியது ஃபிரித் தெரு 54-ஆம் எண்ணில். லண்டன் பல்கலைக்கழக எம்.டி. பட்டம் வந்தது 1844-ல். எல்லா இடங்களையும் அரை மணி நேரத்தில் சுற்றி வரலாம்.

மாணவராக இருந்தபோதே விஷக் காற்றோடு அவருக்குப் பழக்கம். பிணங்கள் கெடாமலிருக்க ஆர்செனிக் ஏற்றுவார்கள். அறுத்துப் படிக்கும் மாணவர்கள் அதனால் நோயில் விழுந்ததைக் கவனித்து, அதைப் பற்றி 1838-ல் மருத்துவ இதழுக்கு எழுதினார். 1841-ல் மூச்சில்லாமல் பிறக்கும் குழந்தைகளை மீட்பது பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். ஆக, 1846 டிசம்பரில் ஈதர் என்ற, ஆவியாக முகரும் மயக்க மருந்து அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு வந்தபோது அவர் தயாராக இருந்தார்.

பல டாக்டர்கள் ஈதரை வைத்துக்கொண்டு தடுமாறினார்கள். ஒரு நோயாளி மயங்குவான். அடுத்தவன் கத்திக்கொண்டு எழுந்து உட்காருவான். பலர் மருந்தின் மேல் பழி போட்டார்கள். பழி கருவியுடையது என்று சில வாரங்களிலேயே ஸ்நோ காட்டினார். கண்ணாடிக் குடுவைக்குள் ஈதரில் நனைத்த பஞ்சை வைத்து, அதன் வழியே காற்றை உறிஞ்ச வைத்தார்கள். ஈதர் ஆவியாகும்போது தன்னிடமுள்ள சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். கண்ணாடியோ வெளிச்சூட்டை உள்ளே விடாது. பஞ்சு குளிர்ந்துபோக, ஆவியும் குறைந்துபோகும். இன்றைய கணக்கில் சொன்னால், 20 டிகிரி செல்சியஸில் ஈதரால் நிறைந்த காற்றில் பாதிக்கு மேல் ஈதர் ஆவி. 0 டிகிரியில் கால் பங்குதான். நோயாளிக்கு எவ்வளவு போகிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது.

ஸ்நோ முதலில் செய்தது, எந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு ஈதரைத் தாங்கும் என்று ஓர் அட்டவணை. பிறகுதான் கருவி. தகரப் பெட்டிக்குள் சுருள் சுருளான பாதை, அடியில் ஈதர். பெட்டி மொத்தமும் குறிப்பிட்ட சூட்டில் உள்ள தண்ணீரில் அமர்ந்திருக்கும். உலோகம் சூட்டைக் கடத்துவதால் ஈதர் குளிராது. அதிலிருந்து வரும் வளையும் குழாய் மூச்சுக்குழல் அளவுக்கு அகலமானது. மற்றவர்களின் குழாய் ஒல்லியாக இருந்ததால் நோயாளி மூச்சுக்குத் திணறுவான். அந்தத் திணறலையே மருந்தின் வேலை என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். முகமூடியில் வெளிமூச்சு வால்வு ஒன்று உண்டு. அதைச் சற்றே ஒதுக்கினால் வெறும் காற்று கலக்கும், மருந்து நீர்க்கும். முதல் மூச்சுகளை நீர்க்கக் கொடுத்து, இருமல் வராமல் மெல்ல ஏற்றுவார்.

நோயாளி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார் என்பதற்கு 1847-லேயே ஐந்து படிகள் வகுத்தார். முதல் படியில் நினைவு இருக்கும், உணர்வு மாறியிருக்கும். இரண்டாவதில் மனம் குழம்பும். மூன்றாவதில் நோயாளி நினைத்துச் செய்யும் அசைவுகள் நின்றுவிடும். நான்காவதில் மூச்சைத் தவிர ஒன்றும் அசையாது. ஐந்தாவதில் மூச்சே தடுமாறும். அதை விலங்குகளில் மட்டும்தான் அவர் பார்த்தார்.

1847 நவம்பரில் எடின்பரோவில் சிம்ப்சன் என்ற டாக்டர் குளோரோஃபார்ம் என்ற இன்னொரு மயக்க மருந்தைக் கொண்டுவந்தார். இதற்குக் கருவியே வேண்டாம், கைக்குட்டையில் ஊற்றினால் போதும் என்றார்கள். 1848 ஜனவரி 28 அன்று நியூகாசிலுக்குப் பக்கத்து வின்லாட்டனில், கால்விரல் நகம் எடுக்க மயக்கம் கொடுத்த சில நிமிடங்களில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் இறந்துபோனாள். ஸ்நோவின் கணக்கு இது: காற்றில் 4, 5 சதவீதம் குளோரோஃபார்ம் போதும். அறை வெப்பத்தில் நனைந்த துணியை ஒட்டிய காற்றோ 20 சதவீதம் வரை ஏற்றுக்கொள்ளும். ஒரு பலத்த மூச்சில் அது நேரே போய் இதயத்தை நிறுத்திவிடும். அவருடைய குளோரோஃபார்ம் கருவியில் உள்பக்கம் மை ஒற்றும் தாள், வெளிச்சுற்றில் குளிர்ந்த தண்ணீர். இங்கே குளிர்தான் தேவை, ஆவி ஓர் எல்லைக்கு மேல் போகாமலிருக்க. ஈதருக்குச் சுடுநீர், குளோரோஃபார்முக்குக் குளிர்நீர் என்று இரண்டையும் ஒரே விதியிலிருந்து எடுத்தாரே, அந்த இடத்தில்தான் இந்த மனிதரின் மேதைமை எனக்குத் தெரிகிறது.

மாலையில் ஹைட் பார்க் கார்னர் போங்கள். லேன்ஸ்பரோ ஹோட்டலாக இருக்கும் கட்டடம் அன்று செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை. ஸ்நோ அங்கே ஈதர் கொடுத்திருக்கிறார். சில நிமிட நடையில் பக்கிங்ஹாம் அரண்மனை. 1853 ஏப்ரல் 7 அன்று, இளவரசர் லியோபோல்ட் பிறக்கும்போது, விக்டோரியா ராணிக்கு அவர் குளோரோஃபார்ம் கொடுத்தார். அன்று கருவியைப் பயன்படுத்தவில்லை. மடித்த கைக்குட்டையில், வலி எழும்போதெல்லாம் 15 மினிம், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. மொத்தம் 53 நிமிடம். இவ்வளவு கண்டித்த கைக்குட்டையையே ஏன் எடுத்தார் என்றால், அளவு அவ்வளவு சிறியது. மயக்கம் நோக்கமல்ல, வலி மட்டும் தணிந்தால் போதும். ராணி நினைவு இழக்கவே இல்லை. 1857 ஏப்ரல் 14 அன்று இளவரசி பியாட்ரிஸ் பிறந்தபோதும் அவரைத்தான் அழைத்தார்கள்.

நான்காம் நாள் – பிராட் தெரு

ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிடம். பிராட் தெருவுக்கு இன்று பிராட்விக் தெரு என்று பெயர். அதோடு சேர்ந்த கேம்பிரிட்ஜ் தெரு இப்போது லெக்சிங்டன் தெரு. ஜான் ஸ்நோ என்ற பெயரில் மூலையில் ஒரு மதுக்கடை, அருகே கைப்பிடியில்லாத மாதிரி அடிபம்பு. தரையைப் பாருங்கள்: நடைபாதை ஓரத்தில் சிவப்புக் கிரானைட் கல் ஒன்று பழைய பம்பின் இடத்தைக் காட்டுகிறது. பம்பைப் படமெடுப்பவர்கள் பலர் இந்தக் கல்லைக் கவனிப்பதில்லை. 1955-ல் ஸ்நோவின் பெயர் சூட்டும் வரை அந்த மதுக்கடையின் பெயர் ‘நியூகாசில் அபான் டைன்’.

1854 ஆகஸ்ட் 31 இரவு இங்கே காலரா வெடித்தது. பத்து நாளில், இந்த மூலையிலிருந்து 250 கஜ சுற்றுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சாவு. மொத்தம் 616 என்று பிறகு கணக்கானது. செப்டம்பர் 3 அன்று ஸ்நோ பம்புத் தண்ணீரை எடுத்துப் பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது. தண்ணீரைப் பார்த்துப் பயனில்லை என்றானதும் ஆட்களைக் கேட்கப் போனார்.

பதிவாளர் அலுவலகத்திலிருந்து அந்த வார முடிவுவரை பதிவான 83 சாவுகளின் முகவரியை வாங்கினார். 10 சாவுகளைத் தவிர மற்றதெல்லாம் இந்தப் பம்புக்குப் பக்கம். அந்தப் பத்திலும் ஐந்து குடும்பங்கள் எப்போதும் இங்கிருந்தே தண்ணீர் எடுத்தவை. பம்புக்கு அருகே இறந்தவர்களில் 61 பேர் இந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று வீட்டாரே சொன்னார்கள்.

விதிவிலக்குகளை அவர் துரத்தியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. போலந்து தெரு ஏழைகள் விடுதியில் 535 பேர். சுற்றிலும் சாவு, உள்ளே ஐந்துதான். காரணம், விடுதிக்குச் சொந்தக் கிணறு. பக்கத்து மதுவாலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளிகள், ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்களுக்கு மால்ட் பானம் இலவசம், ஆலைக்கும் தனிக் கிணறு. துப்பாக்கியை வெடிக்க வைக்கும் சின்னக் கேப் செய்யும் ஆலையிலோ இரண்டு தொட்டிகளில் பம்புத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். அங்கே 18 பேர் போனார்கள். பல மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் ஒரு விதவை இறந்தார். முன்பு இந்தப் பகுதியில் இருந்தவர். அந்தத் தண்ணீரின் ருசிக்காகத் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர். அவரைப் பார்க்க வந்து குடித்த அவருடைய உறவுப்பெண், இஸ்லிங்டனுக்குத் திரும்பி அங்கே இறந்தாள்.

செப்டம்பர் 7 மாலை, அந்த வட்டாரத்தை நிர்வகித்த பங்குப் பேரவையாரிடம் போய்ச் சொன்னார். மறுநாள் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் மோசமாக அடிபட்ட தெருக்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஓடிவிட்டிருந்தார்கள், நோயும் தணிந்து வந்தது. கைப்பிடியைக் கழற்றியதால்தான் நின்றது என்று சொல்ல முடியாது என ஸ்நோவே எழுதியிருக்கிறார். சாவுகளை வீடு வீடாகக் குறித்த வரைபடத்தைப் பார்த்துத்தான் பம்பைக் கண்டுபிடித்தார் என்பதும் தவறு. வரைபடம் அந்த டிசம்பரில்தான் வெளியே வந்தது, ஏற்கெனவே தெரிந்ததை மற்றவர்களுக்குக் காட்ட. அதன் அடுத்த வடிவத்தில் ஒரு கோடு சேர்த்தார்: இந்தப் பம்புக்கும் மற்றப் பம்புகளுக்கும் தெருவழியே நடக்கிற தூரம் சமமாக இருக்கும் கோடு. சாவுகள் அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் அடர்ந்திருக்கின்றன.

பெர்விக் தெரு செயின்ட் லூக் தேவாலயத்தின் இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், ஸ்நோ சொன்னது தப்பு என்று காட்டவே வீடு வீடாக விசாரிக்க இறங்கினார். மூலத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கில் இறந்திருந்தது. துணி அலசிய தண்ணீரைத் தாய் வீட்டு முன்பக்க மலக்குழியில் ஊற்றியிருந்தாள். தோண்டிப் பார்த்தால் குழியின் செங்கல் கட்டு இற்றுப்போயிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. அந்தக் குழந்தையின் தகப்பன் காலராவில் படுத்தது செப்டம்பர் 8 அன்று, கைப்பிடி போன அதே நாளில். அவருடைய துணித் தண்ணீரும் அதே குழிக்குத்தான் போயிருக்கும். பம்பு ஓடியிருந்தால் இரண்டாம் சுற்று தொடங்கியிருக்கும். கைப்பிடியைக் கழற்றியது வீண் சடங்கு என்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஐந்தாம் நாள் – தேம்ஸின் தென்கரை

பிராட் தெருவைவிடப் பெரிய ஆதாரம் தென் லண்டனில் இருக்கிறது, ஆனால் இங்கே கூட்டம் வருவதில்லை. வழி இது: வாட்டர்லூ பாலத்தருகே ராயல் ஃபெஸ்டிவல் ஹால், அங்கிருந்து பாட்டர்சீ மின் நிலையம், கடைசியில் வாட்டர்லூவில் ரயிலேறிச் சர்பிட்டன். ஒரு நாள் வேண்டும்.

ஃபெஸ்டிவல் ஹால் நிற்கும் கரையில் லாம்பெத் குடிநீர்க் கம்பெனியின் நீரேற்று நிலையம் இருந்தது. பாட்டர்சீயில் சதக் அண்ட் வாக்ஸால் கம்பெனி. இரண்டுமே நகரச் சாக்கடை கலந்த தேம்ஸ் நீரை எடுத்து வீடுகளுக்கு அனுப்பின. 1852-ல் லாம்பெத் கம்பெனி தன் நிலையத்தைத் தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றியது; அதாவது சர்பிட்டனை ஒட்டிய சீதிங் வெல்ஸ். டெடிங்டன் லாக் என்ற ஆற்று மதகு வரைதான் கடல் ஏற்றம் வரும். அதற்குக் கீழே, ஓதம் ஏறும்போது போன சாக்கடை திரும்பி வரும். அதற்கு மேலே வராது.

இரண்டு கம்பெனிகளும் முன்பு போட்டி போட்டதால் ஒரே தெருவில் இருவர் குழாயும் ஓடின. பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஒரே வசதி, ஒரே காற்று. தண்ணீர் மட்டும் வேறு. சுமார் மூன்று லட்சம் பேர். காற்றுதான் காரணம் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது.

இடைஞ்சல் ஒன்று இருந்தது. வாடகைக்காரருக்குத் தன் வீட்டுத் தண்ணீர் எந்தக் கம்பெனி என்று தெரியாது. கட்டணம் கட்டுவது வீட்டுக்காரர். ஸ்நோ ஒவ்வொரு வீட்டிலும் சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தார். உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியும். ஒரு காலன் தண்ணீரில் லாம்பெத்துக்கு உப்பு 0.95 கிரெய்ன், மற்றதற்கு 37.9. நாற்பது மடங்கு வித்தியாசம், கண்ணுக்கே தெரியும்.

1854 காலராவின் முதல் நான்கு வாரத்தில் 334 சாவு. அதில் 286 வீடுகளுக்கு சதக் அண்ட் வாக்ஸால் தண்ணீர், 14-க்கு லாம்பெத். மிச்சத்தில் 22 பேர் ஆற்றில் நேரே மொண்டவர்கள். ஏழு வாரக் கணக்கில், பத்தாயிரம் வீட்டுக்கு முதல் கம்பெனியில் 315 சாவு, லாம்பெத்தில் 37.

சர்பிட்டன் நிலையத்திலிருந்து போர்ட்ஸ்மத் சாலைக்குப் பதினைந்து நிமிட நடை. கைவிடப்பட்ட வடிகட்டும் தொட்டிகள் சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இன்னும் கிடக்கின்றன. உள்ளே போக முடியாது, சாலையிலிருந்தே பார்க்கலாம்.

ஆறாம் நாள் – சாக்வில் தெரு, பிராம்டன்

பிக்காடிலியை ஒட்டிய சாக்வில் தெரு 18-ஆம் எண், ஸ்நோவின் கடைசி வீடு. 1855-ல் எலும்பு காய்ச்சுவது போன்ற நாற்றத் தொழில்களைக் கட்டுப்படுத்தும் சட்ட வரைவுக்காக நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. நாற்றம் நோய் தராது என்றார். வாயு எதுவும் தூரம் போகப் போக நீர்க்கும். அது விஷமென்றால் பக்கத்திலேயே நிற்கும் தொழிலாளிதான் முதலில் சாக வேண்டும், அப்படி நடக்கவில்லை. மூச்சில் போகும் விஷம் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கத் தாக்கும். காலரா தொடங்குவது குடலில், ஆகவே அது விழுங்கப்பட்டது. குளோரோஃபார்ம் சதவீதங்களோடு வருடக்கணக்கில் கழித்தவரின் வாதம் இது. அதற்காக லான்செட் மருத்துவ இதழ் அவரைக் கடுமையாகத் தாக்கியது.

1858 ஜூன் 10 அன்று குளோரோஃபார்ம் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. 16-ஆம் தேதி 45 வயதில் இறந்தார். நூலை நண்பர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் வெளியிட்டார். லான்செட்டின் சில வரி இரங்கல் குறிப்பில் குளோரோஃபார்ம் இருந்தது, காலரா இல்லை. 2013-ல், அவர் பிறந்து இருநூறு ஆண்டு ஆனபோது, அந்த இதழ் அதைத் திருத்தி எழுதியது.

1848 முதல் 1858 வரை அவர் எழுதிய நோயாளிக் குறிப்பேடுகள் ரீஜன்ட்ஸ் பார்க் அருகே ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் நூலகத்தில் இருக்கின்றன. பார்க்க முன் அனுமதி வேண்டும். ராணியின் 53 நிமிடமும் அந்தக் குறிப்பேட்டில்தான்.

கல்லறை பிராம்டன் மயானத்தில். வெஸ்ட் பிராம்டன் நிலையத்தில் இறங்கி, ஓல்ட் பிராம்டன் சாலையிலுள்ள வடக்கு வாசல் வழியாகப் போகலாம். 1941 குண்டுவீச்சில் பழைய கல் உடைந்துபோக, 1951-ல் புதிதாக நட்டார்கள். இப்போது காண்பது அதுதான். செப்டம்பரில் லண்டனில் இருப்பவர்கள், ஜான் ஸ்நோ சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் பம்புக் கைப்பிடி உரையின் தேதியைப் பார்த்துப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். உரை முடிந்ததும் மேடையில் ஒரு கைப்பிடியைக் கழற்றி எடுப்பார்கள்.